தாத்தா உழுத கொல்லை பேத்திக்கு வந்து சேருமா? ஜவ்வாது மலை விவசாயக் குடும்பங்களும் நில உரிமையும் - முழு விளக்கம்

"இந்தக் கொல்லை யாருடையது?" என்று ஜவ்வாது மலையில் கேட்டுப் பாருங்கள். "எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல இருந்து நாங்கதான் உழுறோம்" என்று பல வீடுகளில் உடனே பதில் வரும். அடுத்ததாக "யார் பேர்ல பட்டா இருக்கு?" என்று கேட்டால்தான் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

சில வீடுகளில் இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும். சில வீடுகளில் வன உரிமை ஆவணம் இருக்கும். சில வீடுகளில் எந்தக் காகிதமும் இருக்காது.

தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்யும் குடும்பங்களை உலகம் முழுக்கப் பாராட்டுகிறார்கள். விருது, பலகை, சான்றிதழ் எல்லாம் தருகிறார்கள். ஆனால் ஒரு நிலம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் விருதுக்கு முன்னால் தேவைப்படுவது காகிதம். அந்தக் காகிதத்தை எப்படி வாங்குவது, அதில் யார் பெயர் இருக்க வேண்டும், மகளுக்குப் பங்கு உண்டா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 5 விஷயங்கள்

• வன உரிமைச் சட்டம் 2006-ன்படி கிடைக்கும் நிலம் வாரிசுக்குப் போகும். ஆனால் விற்க முடியாது.
• அந்த ஆவணத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும்.
• இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குத் தானாகப் பொருந்தாது. மகள்களின் பங்கில் சிக்கல் வருவது இதனால்தான்.
• பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால், பேரன் பேத்திக்கு அரசு உதவிகள் கிடைப்பது சிரமம்.
• நிலத்தைப் போலவே விதையும் பரம்பரைச் சொத்துதான். அதற்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

ஜவ்வாது மலை எங்கே இருக்கு? அங்கே யார் விவசாயம் செய்றாங்க?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டப் பகுதிக்கு ஜமுனாமரத்தூர்தான் மையம். வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கும் காவலூரும் இந்த மலையில்தான் உள்ளது.

இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டு கேரளாவோடு சேர்த்துவிடக் கூடாது. இவர்களின் தாய்மொழி தமிழ். மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் இது. காஞ்சிபுரம் பக்கமிருந்து முன்னோர்கள் மலையேறி வந்தார்கள் என்பது இவர்களிடம் வழங்கும் வாய்மொழி வரலாறு.

மலையின் முக்கியப் பயிர் சாமை. மழையை நம்பி, ஆடியை ஒட்டி விதைக்கிறார்கள். கேழ்வரகு, கொள்ளு, பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் இடங்களில் நெல் என மற்ற பயிர்களும் உண்டு. புளி, பலா, தேன் போன்றவற்றிலும் வருமானம் வருகிறது.

பெரும்பாலும் கூலியாட்களை வைத்துச் செய்யும் விவசாயம் இல்லை இது. உழுவது, விதைப்பது, களையெடுப்பது, அறுப்பது எல்லாம் குடும்பத்தின் வேலைதான். சாமையை உரலில் குத்தி அரிசியாக்கும் கடினமான வேலை காலங்காலமாகப் பெண்களின் தலையில்தான் இருந்தது. உமி நீக்கும் இயந்திரங்கள் வந்த பிறகுதான் அது குறைய ஆரம்பித்தது.

பரம்பரை விவசாயத்தை உலகம் எப்படி கௌரவிக்குது?

அமெரிக்காவின் அயோவா மாகாணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரே குடும்பத்திடம் 100 ஆண்டுகள் இருந்த பண்ணைகளுக்கு 1976 முதல் அங்கே அங்கீகாரம் தருகிறார்கள். 150 ஆண்டுகளைத் தாண்டிய பண்ணைகளுக்கு 2006 முதல் தனி அங்கீகாரம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. அந்தப் பழைய பண்ணையில் குறைந்தது 40 ஏக்கராவது இன்னும் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். 100 ஆண்டுகளாக வைத்திருப்பதற்கு ஆவணமும் காட்ட வேண்டும்.

ஐ.நா. சபை 2014-ம் ஆண்டை சர்வதேசக் குடும்ப விவசாய ஆண்டாகக் கொண்டாடியது. 2019 முதல் 2028 வரை குடும்ப விவசாயப் பத்தாண்டு. 2023 சிறுதானிய ஆண்டு. 2026 பெண் விவசாயிகள் ஆண்டு.

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு பழமையான விவசாய முறைகளை உலகப் பாரம்பரியமாகவும் அங்கீகரிக்கிறது. இந்தியாவில் ஒடிசாவின் கோராபுட், காஷ்மீரின் குங்குமப்பூ விவசாயம், கேரளாவின் குட்டநாடு ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இவற்றில் கோராபுட், பழங்குடியினர் காப்பாற்றி வந்த நெல் வகைகளுக்குப் பெயர்போன பகுதி.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருக்கும் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்திய அளவில் 1970-71-ல் 2.28 ஹெக்டேராக இருந்த சராசரி, 2015-16-ல் 1.08 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. அயோவாவின் 40 ஏக்கர் கணக்கு இங்கே செல்லுபடியாகாது. நம் ஊரில் ஒரு குடும்பத்தின் நூறு ஆண்டு உழைப்பு ஒன்றரை ஏக்கர் கொல்லையிலும் இருக்கலாம்.

'தலைமுறை'ன்னா எத்தனை வருஷம்? சட்டம் என்ன சொல்லுது?

இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006-ன்படி ஒரு தலைமுறை என்பது 25 ஆண்டுகள்.

இந்தச் சட்டம் இரண்டு வகை மக்களுக்கு உரிமை தருகிறது. ஒன்று, காட்டில் வாழும் பட்டியல் பழங்குடியினர். இவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். இரண்டு, காட்டை நம்பி வாழும் மற்ற பாரம்பரிய மக்கள். இவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையான, ஆனால் வேதனையான நிலைமை உண்டு. தமிழ்நாட்டுக்கான பட்டியலில் மலையாளி சமூகம் பழைய மாவட்டப் பெயர்களோடு இடம்பெற்றிருக்கிறது. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி மாவட்டங்களில் வாழ்ந்தால்தான் பழங்குடி. ஜவ்வாது மலை பழைய வட ஆற்காட்டில் இருந்ததால் பிரச்சினை இல்லை. ஆனால் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் அதே பெயரில் வாழும் மக்களுக்கு அந்த அடையாளம் கிடைக்கவில்லை. அவர்கள் 75 ஆண்டுக் கணக்கைக் காட்ட வேண்டியிருக்கிறது.

வன உரிமைச் சட்டத்துல என்ன கிடைக்கும்?

காட்டு நிலத்தில் ஒரு குடும்பம் உண்மையில் எவ்வளவு இடத்தில் பயிர் செய்கிறதோ அவ்வளவுக்கு உரிமை கிடைக்கும். உச்ச வரம்பு 4 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 10 ஏக்கர்.

இந்த உரிமை வாரிசுகளுக்குப் போகும். ஆனால் விற்கவோ, வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கவோ முடியாது. நேரடி வாரிசு இல்லையென்றால் நெருங்கிய உறவினருக்குச் சேரும். இது குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு. அவசரச் செலவுக்கு அடிமாட்டு விலையில் நிலம் கைமாறிப் போகாது. இன்னொரு பக்கம், அடமானம் வைத்துக் கடன் வாங்குவதும் எளிதல்ல.

திருமணமானவர்கள் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் பதிவு செய்ய வேண்டும். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண் என்றால் அவர் பெயரிலேயே பதிவாகும்.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை யாரையும் அந்த நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

பத்திரம் இல்லைன்னா எப்படி நிரூபிக்கிறது?

பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். வன உரிமைக்குப் பத்திரம் கட்டாயமில்லை. விதிகளில் சொல்லியிருக்கும் சான்றுகளில் ஏதாவது இரண்டு வகை இருக்க வேண்டும். அவற்றில் சில:

• ஊர்ப் பெரியவர்களின் எழுத்துபூர்வ வாக்குமூலம் (விண்ணப்பதாரர் அல்லாத பெரியவர்கள்)
• முன்னோர் வரிசையைக் காட்டும் வம்சாவளி
• பழைய வீடு, குடிசை, வரப்பு, தடுப்பணை போன்ற அடையாளங்கள்
• முன்னோரைப் புதைத்த இடம், குலசாமி கோயில்
• வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வரி ரசீது போன்ற அரசு ஆவணங்கள்

ஊர்ப் பாட்டியின் நினைவுக்கும் இங்கே சான்று மதிப்பு உண்டு. ஆனால் அதை எழுதி, கையெழுத்து அல்லது கைரேகை வாங்கி வைக்க வேண்டும். வயதானவர்கள் ஒவ்வொருவராக மறையும்போது அந்தச் சான்றும் சேர்ந்தே போய்விடுகிறது.

விண்ணப்பம் முதலில் கிராம சபைக்குப் போகும். கிராம சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழு இடத்தைப் பார்த்துச் சரிபார்க்கும். பிறகு உட்கோட்ட அளவிலான குழு, அதன் பின் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. மாவட்டக் குழுவின் முடிவே இறுதியானது. கிராம சபை முடிவில் உடன்பாடு இல்லையென்றால் 60 நாட்களுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிடலாம். அங்கும் தீரவில்லையென்றால் அடுத்த 60 நாட்களுக்குள் மாவட்டக் குழுவுக்குப் போகலாம்.

தமிழ்நாட்டில் இந்த வேலை தாமதமாகத்தான் நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கில் 2008-ல் வந்த இடைக்கால உத்தரவால் உரிமை ஆவணங்கள் வழங்குவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. உச்ச நீதிமன்றம் 2016-ல் தடையை நீக்கிய பிறகே வேகம் பிடித்தது. இன்னொரு விஷயமும் உண்டு. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் தமிழ்நாட்டின் எந்தப் பகுதியும் இல்லை. அதனால் இங்குள்ள மலைவாழ் மக்களுக்கு வன உரிமைச் சட்டம் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

பட்டா இருக்கு, ஆனா தாத்தா பேர்ல இருக்கே?

மலையில் எல்லா நிலமும் காட்டு நிலம் அல்ல. வருவாய்த் துறைப் பட்டா நிலங்களும் உண்டு. இங்கே இருக்கும் சிக்கல் வேறு. தாத்தா இறந்து, அப்பாவும் இறந்து, பேரன் உழுதுகொண்டிருப்பார். பட்டா மட்டும் தாத்தா பெயரிலேயே தூங்கும். தமிழ்நாடு முழுக்கவே இந்த நிலைமை இருக்கிறது.

இதனால் என்ன நஷ்டம்? பிஎம் கிசான் திட்டத்தை உதாரணமாகப் பார்க்கலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வரும். நில ஆவணத்தில் 2019 பிப்ரவரி 1-க்குள் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. நில உரிமையாளர் இறந்து வாரிசு முறையில் பெயர் மாறினால் மட்டும் இந்தத் தேதியில் விலக்கு உண்டு. ஆக, பெயரை மாற்றினால்தான் வாரிசுக்குப் பணம் வரும். பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, சொட்டுநீர் மானியம் என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது சிட்டா, அடங்கல்தான்.

பெயர் மாற்ற வழி இதுதான்: இறப்புச் சான்றிதழ் வாங்கி, அதை வைத்து வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகு இ-சேவை மையம் மூலம் பட்டா மாறுதலுக்கு மனு கொடுக்கலாம். பாகம் பிரிக்கவில்லையென்றால் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா ஆகும். பாகம் பிரித்துவிட்டால் நில அளவையர் வந்து அளந்து, உட்பிரிவு செய்து தனிப் பட்டா தருவார்கள். அரசு ஒப்படை செய்த நிலம் என்றால் விற்பனைக்கு நிபந்தனைகள் இருக்கலாம். அதை முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மகளுக்குப் பங்கு உண்டா?

இங்கேதான் பெரிய இடைவெளி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் திருத்தம் வந்தது. நாடு முழுவதும் 2005-ல் வந்தது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 2(2), மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டால் தவிர இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. அதனால் பழங்குடிக் குடும்பங்களில் சமூக வழக்கமே சட்டமாகிறது. வழக்கம் ஆண்பிள்ளைகளுக்கு என்றால், களையெடுத்த மகளுக்கு எதுவும் மிஞ்சாது.

நீதிமன்றங்கள் இதைப் பற்றித் தொடர்ந்து பேசி வருகின்றன.

• 2022 டிசம்பர்: பழங்குடியினர் அல்லாத பெண்ணுக்குச் சம பங்கு இருக்கும்போது பழங்குடிப் பெண்ணுக்கு மறுக்கக் காரணமில்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராயுமாறு மத்திய அரசிடம் கூறியது.
• 2023 பிப்ரவரி: தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், இதற்கான அறிவிக்கை வர நடவடிக்கை எடுக்குமாறு கூறியது.
• 2025 ஜூலை: பெண்களுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் நிரூபிக்கப்படாத நிலையில், பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்குச் சம பங்கு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
• 2025 அக்டோபர்: இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்பதை இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியது.

அப்படின்னா என்ன அர்த்தம்? நீதிமன்றம் போனால் மகளுக்கு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கேட்காமலேயே கையில் வந்து சேரும் உரிமையாக அது இன்னும் ஆகவில்லை. வன உரிமை ஆவணத்தில் மனைவி பெயர் கட்டாயம். அவருக்குப் பிறகு மகனுக்கும் மகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்பதை அந்தச் சட்டம் சொல்லவில்லை.

நிலம் கைவிட்டுப் போனா என்ன ஆகும்?

மழை பொய்த்தாலோ, விளைச்சல் கட்டுப்படியாகாவிட்டாலோ மலையிலிருந்து இளைஞர்கள் வெளியூர் வேலைக்கு இறங்குகிறார்கள். சிலர் தரகர்கள் மூலம் ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போனதும் நடந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி திருப்பதி அருகே சேஷாசலம் வனப்பகுதியில் ஆந்திர போலீஸ் சிறப்புப் படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

கையில் நிலமும் அதற்குக் காகிதமும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கடன், மானியம், காப்பீடு என்று வரும் உதவி எதுவும் காகிதம் இல்லாத கொல்லைக்கு எளிதில் வந்து சேராது. ஊரிலேயே இருந்து பிழைக்கலாம் என்று நினைப்பவருக்கு அது முதல் படி.

விதையும் பரம்பரைச் சொத்துதானே?

ஆமாம். நிலத்தோடு சேர்ந்து வருவது விதை. கொல்லிமலையில் வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை போன்ற உள்ளூர் ரகங்களை மலைவாழ் மக்கள்தான் பாதுகாத்து வந்தார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஊர் விதை வங்கிகளை உருவாக்க உதவியது.

திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் செயல்படுகிறது. அங்கிருந்து 2019-ல் ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகம் வெளியானது. புது ரகம் விளைச்சலுக்கு உதவும். ஆனால் அடுத்த புது ரகத்தை உருவாக்கவும் பழைய விதை தேவை. அதனால் இரண்டும் வேண்டும்.

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001-ன்படி, விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பகிரலாம், விற்கலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை மட்டும் பிராண்டு பெயர் போட்டு விற்கக் கூடாது. பரம்பரை ரகத்தை உழவர் ரகமாகப் பதிவு செய்யவும் முடியும். இதற்கு விவசாயியிடம் கட்டணம் வாங்குவதில்லை.

பாரம்பரிய ரகங்களைக் காப்பாற்றும் சமூகங்களுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை விருதும் உண்டு. தனி விவசாயிகளுக்கும் தனியாக விருது இருக்கிறது. தலைமுறை விவசாயத்துக்கு இந்தியாவில் அரசு தரும் நேரடி மரியாதை என்றால் இதைத்தான் சொல்லலாம்.

உங்க குடும்பம் இப்பவே என்ன செய்யலாம்?

1. வீட்டில் இருக்கும் பட்டா, வரி ரசீது, பழைய ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். நகல் எடுத்து வையுங்கள்.

2. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அரசின் நில ஆவண இணையதளத்தில் பாருங்கள். இறந்தவர் பெயர் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேலையை ஆரம்பியுங்கள்.

3. காட்டு நிலம் என்றால் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்குங்கள். வம்சாவளியை எழுதும்போது பெண்களின் பெயரையும் விடாமல் சேருங்கள்.

4. வன உரிமை ஆவணம் ஏற்கெனவே இருந்தால், அதில் மனைவி பெயர் இருக்கிறதா, வருவாய்த் துறை மற்றும் வனத்துறைப் பதிவேடுகளில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். உரிமை வழங்கிய பிறகு பதிவேடுகளில் சேர்க்க வேண்டியது அதிகாரிகளின் கடமை.

5. மகளுக்கும் பங்கு தர நினைக்கும் பெற்றோர், அதை வாய்வார்த்தையாக விடாமல் உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் செய்வது நல்லது. எந்த வகைப் பத்திரம் செல்லும் என்பது நிலத்தின் வகையைப் பொறுத்தது. பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் சட்ட உதவி இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

நூறு ஆண்டு பண்ணை என்று வாசலில் மாட்டப் பலகை எதுவும் ஜவ்வாது மலையில் தருவதில்லை. தாத்தா, பாட்டி, மகன், மகள், பேத்தி என்று வரிசையாகப் பெயர் ஏறிய ஒரு நில ஆவணம் கிடைத்தால் அதுவே பெரிய மரியாதைதான். அதை வாங்கிவைக்க இன்றைக்கே சட்டத்தில் பாதி வழி திறந்திருக்கிறது. மகள்களுக்கான மீதி வழியைத் திறக்க வேண்டியது மத்திய அரசின் ஓர் அறிவிக்கை.